தெருக்குழு அமைப்பாளருக்கு மாதப் படி தரும் அறக்கட்டளை தெரியுமா?

வணக்கம் அக்கா, அண்ணன்மாரே. தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகர், சாட்ஸ்வொர்த்திலிருந்து எழுதுகிறேன். 2022 ஏப்ரல் வெள்ளத்தின்போது, எந்த வீட்டில் படுத்த படுக்கையாகப் பெரியவர், எந்த வீட்டில் கைக்குழந்தை என்று வீடு வீடாகப் போய் ஒரு நோட்டில் எழுதினோம். ஓரம் நனைந்து உப்பிய அந்த நோட்டிலிருந்துதான் எங்கள் தெருக்குழு பிறந்தது. தமிழரும் சூலு குடும்பங்களும் சேர்ந்து உட்கார்ந்து, வார்டு கூட்டத்தில் என்ன கேட்பது என்று பேசி முடிவெடுக்கிறோம். வாக்காளர் பதிவுக்கும் ஆட்களைக் கூட்டிப்போகிறோம்.

அரிசி, பருப்பு என்றால் நன்கொடை உடனே வருகிறது. நாள் முழுக்க அலைந்து ஆள் திரட்டும் பெண்ணுக்கு மாதப் படி கேட்டால் எல்லாரும் தயங்குகிறார்கள். 1983இல் நிறவெறி ஆட்சியை எதிர்த்து ஐக்கிய ஜனநாயக முன்னணி எழுந்ததே இப்படிப்பட்ட உள்ளூர்க் குழுக்களைச் சேர்த்துத்தானே! இந்நாட்டில் மனித உரிமை அமைப்புகளுக்கு நிறையக் கொடுத்த அட்லாண்டிக் அறக்கட்டளையும் 2020இல் மூடிவிட்டது.

இரண்டு மூன்று ஆண்டுக்குத் தொடர்ந்து படி தரக்கூடிய அறக்கட்டளை யாருக்காவது தெரியுமா? கட்சிப் பணம் வேண்டாம். அப்புறம், 1997 சட்டப்படி லாபநோக்கற்ற அமைப்பாகப் பதிய வேண்டும். விதிமுறை எழுத, கணக்குப் பார்க்கத் தெரிந்தவர்கள் தயவுசெய்து இன்பாக்ஸில் சொல்லுங்கள்.