அரிச்சல்முனை போய் வந்தோம்: புதுப்பிப்பு

ஒருவன் பறக்கிறான், இன்னொருவன் டீக்கடை தவறாமல் நிற்கிறான், சண்டையில்லாமல் சேர்ந்து பைக்கில் போவது எப்படி என்று போன வாரம் கேட்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை ராமநாதபுரத்திலிருந்து, தனுஷ்கோடி தாண்டி சாலை முடியும் கடல்முனையான அரிச்சல்முனைக்குக் கிளம்பினோம்.

ஒட்டிக்கொண்டே ஓட்டுவதை விட்டுவிட்டோம். உச்சிப்புளி, மண்டபம், தங்கச்சிமடம் என்று சேருமிடம் மட்டும் பேசிக்கொண்டோம்; நடுவில் அவரவர் வேகம். வழி தெரிந்த நண்பன் கடைசி வண்டி. அவன் வந்த பிறகுதான் அடுத்த கிளம்பல். மண்டபத்தில் 20 நிமிடம் காத்திருந்தோம், யாரும் முணுமுணுக்கவில்லை.

பாம்பன் பாலத்தில் மட்டும் எல்லோரும் வரிசையாக, மெதுவாக. 2 கிலோமீட்டருக்கு மேல் திறந்த கடல், பக்கக்காற்று வண்டியையே தள்ளும். தனுஷ்கோடி தாண்டியதும் சாலையில் மணல் திட்டுத் திட்டாகக் கிடந்தது. பறக்கிறவனே வேகத்தைக் குறைத்து, பின்னால் வருபவர்களுக்குக் கையைத் தாழ்த்திக் காட்டிக்கொண்டே போனான். எனக்கு மனசு நிறைந்துவிட்டது. அப்புறம், அடுத்த பயணம் தேவிபட்டினம்.