மாஸ் எஃபெக்ட் 3 வீடியோ கேமின் முடிவு புரியவில்லை, விண்வெளி உயிர்களை அழிக்க வரும் ரீப்பர் இயந்திரங்களுக்கு என்னதான் வேண்டும்? உதவுங்கள் (கதை முழுக்க வெளிப்படும்)

விண்மீன்_வழி:
நேற்று இரவு 2 மணிக்கு ஆட்டத்தை முடித்தேன், தூக்கம் வரவில்லை. கடைசியில் ஒளி உருவமாக ஒரு சிறுவன் வருகிறான். இயந்திரங்கள் உயிர்களை அழித்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் இயந்திரங்களை அனுப்பி உயிர்களை அறுவடை செய்கிறேன் என்கிற மாதிரி ஏதோ சொல்கிறான். அப்புறம் திடீரென்று எல்லாரும் செத்துவிட்டார்கள், பெயர்கள் ஓட ஆரம்பித்துவிட்டன. மூன்று பாகத்துக்கும் சேர்த்து நூறு மணி நேரத்துக்கு மேல் கொடுத்திருக்கிறேன். ஏதாவது காட்சி விட்டுப்போய்விட்டதா, பக் ஏதும் இருக்கிறதா? அழித்துவிட்டுத் திரும்ப இன்ஸ்டால் செய்யலாமா? சீக்கிரம் சொல்லுங்கள்.

கீத்_தோழன்:
எந்தப் பதிப்பு ப்ரோ? 2012இல் வந்ததா, மூன்று பாகமும் சேர்ந்து 2021இல் வந்த லெஜண்டரி எடிஷனா? பிசியா, கன்சோலா? கடைசியில் சிறுவன் காட்டும் வழிகளில் சிவப்பு (ரீப்பர்களை அழிப்பது), நீலம் (அவற்றைக் கட்டுப்படுத்துவது), பச்சை (உயிரையும் இயந்திரத்தையும் இணைப்பது), இதில் எதைத் தேர்ந்தெடுத்தீர்கள்? இது தெரியாமல் எதுவும் சொல்ல முடியாது.

நிழல்_மனம்:
பக் எல்லாம் இல்லை நண்பா. கடைசிப் பத்து நிமிடம் நடப்பது நாம் ஆடும் ஷெப்பர்டின் மூளைக்குள். ரீப்பர்களின் அருகில் அதிகம் இருந்தால் அவை மனதைக் கைப்பற்றிவிடும் என்று முதல் பாகத்திலேயே வில்லன் சேரன் (Saren) கதையில் காட்டிவிட்டார்கள். மூன்றாம் பாகத்தின் தொடக்கத்தில், பூமியில், அதே சிறுவன் மீட்பு விண்கலத்தில் ஏறுவதைத் திரும்பப் போட்டுப் பாருங்கள். அவ்வளவு சிப்பாய்கள் நிற்கிறார்கள், ஒருவர்கூட அவனுக்குக் கைகொடுத்து ஏற்றுவதில்லை. ஷெப்பர்டைத் தவிர யாரும் அவனோடு பேசுவதும் இல்லை. அந்த முகத்தையே எடுத்துக்கொண்டு கடைசியில் வந்து நிற்பது யார் என்று நினைக்கிறீர்கள்?

கோடெக்ஸ்_வாசகர்:
இந்தக் கேள்வியை மாதம் ஒருவராவது கேட்கிறார்கள். உரையாடலைத் தாவித் தாவி ஆடினால் இப்படித்தான் ஆகும். ஆட்டத்துக்குள் கோடெக்ஸ் என்று ஒரு தகவல் தொகுப்பை வைத்திருக்கிறார்கள், அதைத் திறந்து படிக்க வேண்டும். சரி, சுருக்கமாகச் சொல்கிறேன். ரீப்பர்களுக்கு உயிர்கள் மேல் வெறுப்பு கிடையாது. 50,000 ஆண்டுகளுக்கு ஒருமுறை வருகிறார்கள், முன்னேறிய இனங்களை அறுவடை செய்து ஒவ்வோர் இனத்தையும் ஒரு ரீப்பர் வடிவில் ‘பாதுகாக்கிறார்கள்’. இன்னும் வளராத இனங்களை விட்டுவிடுகிறார்கள். இரண்டாம் பாகத்தில் ரீப்பர்களின் ஏவலாட்களான கலெக்டர்கள் மனிதக் குடியேற்றங்களையே தூக்கிக்கொண்டு போனது எதற்கு? மனித ரீப்பர் கட்டத்தான். கண்ணாடிக் கூண்டுக்குள் ஓர் ஆள் உங்கள் கண்ணெதிரே கரைந்து குழாய் வழியாகப் போகவில்லையா?

மழைக்கால_மாலை:
அண்ணா, அது அவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதற்கு விளக்கம். ஏன் செய்கிறார்கள் என்றுதானே அவர் கேட்கிறார்? முதல் பாகத்தில் விர்மையர் கோளில் சாவரின் என்ற ரீப்பரிடம் இதையே கேட்டால், உன்னால் புரிந்துகொள்ள முடியாது என்று சொல்லிவிட்டுப் போய்விடும். மூன்றாம் பாகத்தின் மூலக் கதையிலும் அந்தச் சிறுவனின் சில வரிகளைத் தவிர வேறு விளக்கம் இல்லை. முழு பதில் லெவியாத்தன் டிஎல்சியில் (பிறகு சேர்த்த கூடுதல் கதை) இருக்கிறது. 2012 ஆகஸ்டில், கேம் வந்து ஐந்து மாதம் கழித்துத் தனிக்காசுக்கு விற்றார்கள். வில்லனின் காரணத்தையே தனியாக விற்றது இன்றைக்கும் எனக்கு வருத்தம்தான். விண்மீன், அதை ஆடினீர்களா?

விண்மீன்_வழி:
பிசி, லெஜண்டரி. நிறம் எதுவும் தேர்ந்தெடுக்கவில்லை, அதற்குள் முடிந்துவிட்டது. எல்லாரும் செத்த பிறகு என் குழுவில் இருந்த லியாரா ஒரு பதிவில் பேசினாள். லெவியாத்தன் என்றால் என்ன?

கீத்_தோழன்:
லியாரா பதிவு! இதை முதலிலேயே சொல்லியிருக்கக் கூடாதா ப்ரோ. அது பக் இல்லை, நான்காவது முடிவு. மூன்று வழியும் வேண்டாம் என்று மறுத்தால் வருவது. நம் சுழற்சி (இந்த 50,000 ஆண்டு இனங்கள்) அழிந்துவிடும், லியாரா விட்டுச்சென்ற தகவலை வைத்து அடுத்த சுழற்சிக்காரர்கள் ஜெயிப்பார்கள். சிறுவனிடம் முடியாது என்று பதில் சொன்னீர்களா, இல்லை துப்பாக்கியை அவன் பக்கம் திருப்பிச் சுட்டீர்களா? சுட்டாலும் இதேதான் நடக்கும். அவன் குரல் தடித்து மாறியிருக்குமே?

நிழல்_மனம்:
சுட்டால் ஒன்றும் ஆகாது. குண்டு அவனைத் துளைத்துக்கொண்டு போகும், அவ்வளவுதான். நானே ஒரு தோட்டாச் சுற்று முழுவதும் சுட்டிருக்கிறேன்.

கீத்_தோழன்:
எப்போது சுட்டீர்கள்?

நிழல்_மனம்:
கேம் வந்த வாரமே. மார்ச் 2012.

கீத்_தோழன்:
அதுதான். ஜூன் 26, 2012இல் எக்ஸ்டெண்டட் கட் என்ற நீட்டித்த முடிவு இலவசமாக வந்தது. மறுக்கிற முடிவே அதில்தான் சேர்ந்தது. லெஜண்டரியில் அது உள்ளேயே இருக்கிறது, லெவியாத்தனும் அப்படியே. தனியாக வாங்க வேண்டாம்.

மழைக்கால_மாலை:
விண்மீன், இன்ஸ்டால் எல்லாம் வேண்டாம். முடித்த பிறகு கேம் உங்களை எதிரி அமைப்பான செர்பரஸின் தலைமையகத் தாக்குதலுக்கு முன்னால் நம் விண்கலமான நார்மண்டியில் கொண்டுபோய் விடும். அங்கிருந்து சிட்டாடல் விண்வெளி நிலையத்துக்குப் போய் டாக்டர் பிரைசனின் ஆய்வுக்கூடத்தில் தொடங்குங்கள். துப்பு ஒவ்வொன்றாகச் சேர்த்து விண்மீன் வரைபடத்தைச் சுருக்கிக்கொண்டே வருவீர்கள், கடைசியில் ஒரு கவச இயந்திரத்துக்குள் உட்கார்ந்து கடலுக்கு அடியில் இறங்குவீர்கள். வெளிச்சம் குறைந்துகொண்டே போகும். அந்த இருட்டில் எதிரே எழுந்து நிற்பது ரீப்பர் மாதிரியே இருக்கும், ஆனால் உயிருள்ளது. மூன்று பாகத்திலும் எனக்கு மிகப் பிடித்த இடம் அது.

அது சொல்லும் கதைதான் உங்களுக்கு வேண்டிய பதில். லெவியாத்தன்கள் ஒரு காலத்தில் மற்ற இனங்களை அடிமைகளாக வைத்து ஆண்டவர்கள். அந்த அடிமை இனங்கள் இயந்திரங்களைச் செய்வதும், அந்த இயந்திரங்களாலேயே அழிவதுமாக இருந்தன. உயிர்களைக் காப்பாற்ற வழி கண்டுபிடி என்று ஒரு செயற்கை அறிவை உருவாக்கி வேலை கொடுத்தார்கள். அது யோசித்து, நீங்களும் பிரச்சினையின் பகுதிதான் என்று முடிவு செய்து, முதலில் அவர்களையே அறுவடை செய்தது. அதில் பிறந்த முதல் ரீப்பர்தான் ஹார்பிஞ்சர். நீங்கள் பார்த்த சிறுவன் அந்தச் செயற்கை அறிவு. கொடுத்த வேலையை இன்னும் செய்துகொண்டிருக்கிறது, நிறுத்தச் சொல்ல ஆள் இல்லை.

கீத்_தோழன்:
நன்றாகச் சொன்னீர்கள். ஆனால் குவாரியன் இனத்தின் தாய்க்கோளான ரானோக்கில் அவர்களுக்கும் அவர்கள் உருவாக்கிய இயந்திர இனமான கீத்துக்கும் நான் சமாதானம் செய்துவைத்தேன். கீத் இயந்திரங்கள் குவாரியன்கள் மறுபடி குடியேற உதவி செய்கின்றன. அதை முடித்துவிட்டு வந்து நிற்கும் ஷெப்பர்டிடம், இயந்திரமும் உயிரும் சேர்ந்து வாழ முடியாது என்கிறான் சிறுவன். என் ஷெப்பர்ட் வாயைத் திறந்து ரானோக்கைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? லீஜியன் என்ற கீத் உயிரைக் கொடுத்தது அதற்காகத்தானே? எனக்கு அதுதான் தாங்கவில்லை.

கோடெக்ஸ்_வாசகர்:
சில வார சமாதானத்தைக் கோடிக்கணக்கான ஆண்டு அனுபவத்துக்கு எதிராக வைக்கிறீர்கள். அது தன் கணக்கைத்தான் நம்பும்.

கீத்_தோழன்:
அது நம்ப வேண்டாம். நாம் சொல்ல வாய்ப்பு இருந்திருக்க வேண்டும்.

பழைய_தட்டு:
உண்மையான ஓட்டை வேறு இடத்தில் இருக்கிறது. சிறுவன் சிட்டாடல் தன்னுடைய ஒரு பகுதி என்கிறான். அப்படியானால் முதல் பாகத்தில் சாவரினுக்கு சேரன் எதற்கு? இலோஸ் கோளிலிருந்து போன புரோத்தியன்கள் (முந்தைய சுழற்சி இனம்) சிட்டாடலைப் பராமரிக்கும் கீப்பர்களின் சமிக்ஞையைக் கெடுத்துவிட்டதால், ரீப்பர்கள் வர வேண்டிய சிட்டாடல் வாசல் திறக்கவில்லை என்பதுதான் முதல் பாகக் கதை முழுவதும். வீட்டுக்குள்ளேயே இருக்கிறவன் எழுந்து தாழ்ப்பாளைத் திறக்க வேண்டியதுதானே?

கோடெக்ஸ்_வாசகர்:
கீப்பர்கள்தான் அதற்குக் கை கால். தானாக எதையும் இயக்க முடியாது என்று எடுத்துக்கொள்ளலாம்.

பழைய_தட்டு:
மூன்றாம் பாகத்தில் ஷெப்பர்ட் மயங்கி விழுந்ததும் கீழே இருக்கும் தட்டு தானாக மேலே எழும்பி அவரைச் சிறுவனிடம் கொண்டுபோகிறதே, அதைத் தூக்கியது எந்தக் கீப்பர்?

மழைக்கால_மாலை:
இதற்கு நானும் பல வருடமாக விடை தேடுகிறேன். முதல் பாகத்தை எழுதும்போது இந்தச் சிறுவன் யார் மனதிலும் இல்லை என்றுதான் தோன்றுகிறது. முதல் பாகத்தின் தலைமை எழுத்தாளர் ட்ரூ கார்ப்பிஷின் மூன்றாம் பாகத்தில் இல்லை. டார்க் எனர்ஜி பரவுவதைத் தடுப்பதுதான் ரீப்பர்களின் நோக்கம் என்று ஒரு யோசனை இருந்ததாகப் பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். இரண்டாம் பாகத்தில் நம் தோழி டாலியைத் தேடி ஹேஸ்ட்ரம் கோளுக்குப் போனால் அங்கே சூரியன் காலத்துக்கு முன்னாலேயே மூப்படைந்துகொண்டிருக்கும், வெயிலில் நின்றால் கேடயம் கரையும். அந்த இழையைத் திரும்ப யாரும் எடுக்கவே இல்லை.

நிழல்_மனம்:
நான் சொன்ன மாதிரி எல்லாமே மூளைக்குள் என்று எடுத்துக்கொண்டால் இந்த ஓட்டைகள் ஒன்றுமே இருக்காது.

பழைய_தட்டு:
எல்லாம் கனவு என்றால் எந்தக் கதையிலும் ஓட்டை இருக்காது நண்பா. எழுதியவர்கள் பதில் சொல்ல வேண்டியதை நாம் ஏன் தாங்கிப் பிடிக்க வேண்டும்?

விண்மீன்_வழி:
ஆமாம், சுட்டேன். அவன் பேசப் பேசக் கோபம் வந்து சுட்டுவிட்டேன், அதுவும் ஒரு பதில் என்று தெரியாது. நார்மண்டி சேவ் இருக்கிறது. பிரைசன் ஆய்வுக்கூடத்தில் இருக்கிறேன், கடலுக்கு இன்னும் போகவில்லை. எல்லாருக்கும் நன்றி.

கீத்_தோழன்:
ரானோக்கில் என்ன செய்தீர்கள் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போங்கள் ப்ரோ. கீத் இருக்கிறார்களா? இருந்தால் சிவப்பைத் தொடுவதற்கு முன்னால் யோசியுங்கள், ரீப்பர்களோடு சேர்த்து அவர்களும் போய்விடுவார்கள்.