வீட்டுக்கான கைப்பணம் பாதிதான் சேர்ந்திருக்கிறது. இப்பவே வாங்கலாமா, முழுசா சேரட்டுமா?

வாடகைவீட்டுக்காரி:

எல்லோருக்கும் வணக்கம். நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம். ஒரு பெண் குழந்தை. முதல் வீடு வாங்குவதற்காகக் கொஞ்சம் கொஞ்சமாகக் காசு சேர்த்து வருகிறோம். பீரோ கதவின் உட்பக்கம் ஒரு தாள் ஒட்டியிருக்கிறேன். சம்பளம் வந்த அன்றைக்கே எவ்வளவு ஒதுக்கினோம், மொத்தம் எவ்வளவு ஆச்சு என்று அதில் எழுதுவோம். கூட்டிப் போடுவது மகளின் வேலை. அடித்தல் திருத்தல் இல்லாமல் அழகாக எழுதி வைப்பாள். அந்தத் தாளில் இப்போது இருப்பது, நாங்கள் பார்க்கிற மாதிரி வீட்டின் விலையில் 10%. நாங்கள் நினைத்திருந்தது 20%.

இனி என்ன செய்வது என்பதில் வீட்டில் ஆளுக்கொரு பேச்சு. கடன் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நிம்மதி, 20 சேரும்வரை பொறுப்போம் என்கிறார் கணவர். "நீங்க சேர்த்து முடிக்கிறதுக்குள்ள விலை எங்கேயோ போயிடும், 90 பேங்க் தருதுன்னா வாங்கிப் போடுங்க" என்கிறார் அத்தை. தம்பியோ, இருப்பதை அப்படியே ஷேர் ஃபண்டில் போட்டால் நாலு வருஷத்தில் இரட்டிப்பாகிவிடும், அப்புறம் நிம்மதியாக வாங்கலாம் என்கிறான். மூன்று பேரும் எங்கள் நல்லதுக்குத்தான் சொல்கிறார்கள், மூன்றும் நியாயமாகத்தான் படுகிறது. வருஷத்துக்கு இன்றைய விலையில் 3% அளவுக்கு எங்களால் சேர்க்க முடியும். விவரம் தெரிந்தவர்கள் வழி சொல்லுங்கள்.

கடன்பிரிவு:

தங்கச்சி, வீட்டுக் கடன் மனுக்களைப் பார்த்துப் பார்த்து அனுப்புவதுதான் என் பல வருஷத்து வேலை. அந்தத் தாளைப் பற்றிப் படித்ததும் மனசுக்கு ரொம்ப நிறைவாக இருந்தது. பத்து சதவீதம் சேர்ப்பது சாமானியமான காரியம் இல்லை.

ஆனால் அந்தத் தொகை முழுவதும் வீட்டு விலைக்குத்தானா? முத்திரைத் தீர்வை, பதிவுக் கட்டணம், வக்கீல் ஃபீஸ், கடனுக்கான பரிசீலனைக் கட்டணம், குடி போவதற்கு முன் செய்தாக வேண்டிய மராமத்து, இதற்கெல்லாம் பெரும்பாலும் கடன் கிடைக்காது. கைக்காசிலிருந்துதான் போகும். இடத்துக்கு இடம் அளவு மாறும், சில இடங்களில் நெஞ்சு திடுக்கிடும் அளவுக்கு வரும். அதனால் அந்தத் தாளில் இன்னொரு பத்தி போட்டு, இந்தச் செலவைத் தனியாகக் கழித்து எழுதுங்கள். மிச்சம் நிற்பதுதான் உண்மையான முன்பணம்.

அடுத்தது, பலரும் கடைசி நேரத்தில் இடறி விழுகிற இடம். நீங்கள் பேசி முடித்த விலைக்கு வங்கி கடன் தராது. பேசிய விலை, வங்கியின் மதிப்பீட்டாளர் போடுகிற மதிப்பு, இரண்டில் எது குறைவோ அதன் மேல்தான் தரும். விலை 10,000 என்று வைத்துக்கொள்வோம். மதிப்பீட்டாளர் 9,200 என்று எழுதினால், 90% கடன் என்பது 8,280. நீங்கள் போட வேண்டியது 1,000 இல்லை, 1,720. அதற்குள் அட்வான்ஸ் கொடுத்திருப்பீர்கள். பின்வாங்கினால் அது போய்விடும், வாங்குவதற்கோ பணம் போதாது. அந்த நிலையில் என் மேஜைக்கு எதிரே வந்து உட்காரும் குடும்பங்களைப் பார்க்கும்போது எனக்கே வயிற்றைப் பிசையும். சரியாகப் பத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டு யாரும் அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள். கடன் கிடைக்காவிட்டால் அட்வான்ஸ் திரும்ப வர வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்க முடியுமா என்று உங்கள் வக்கீலிடம் முதலிலேயே கேளுங்கள்.

இப்போது காத்திருக்கிற கணக்கு. இன்றைய விலை 10,000, கையில் 1,000, வருஷம் 300 சேர்க்கிறீர்கள், சேர்ப்புக்கு 5% வட்டி வருகிறது. விலை அசையாமல் நின்றால் மூன்று வருஷத்துக்குள் 20% தேறிவிடும். விலை வருஷத்துக்கு 6% ஏறினால் நாலு வருஷத்துக்கு மேல் ஆகும். அப்போது வீட்டின் விலை 12,600ஐத் தாண்டியிருக்கும். இருபதைக் கட்டினாலும் வாங்க வேண்டிய கடன் சுமார் 10,100. இன்றைக்குப் பத்தைக் கட்டி வாங்கினால் கடன் 9,000தான். அதாவது கடன் குறைய வேண்டும் என்று காத்திருந்து கூடுதல் கடனில் போய் நிற்கலாம். இந்த வகையில் உங்கள் அத்தை சொல்வது சரி. ஆனால் விலை ஏறத்தான் செய்யும் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. முன்பணம் குறைவாக இருந்தால் பல வங்கிகள் வட்டியைக் கூட்டும், அல்லது கடனுக்கு ஒரு காப்பீட்டையும் சேர்த்து உங்கள் தலையில் கட்டும்.

என்னைக் கேட்டால் இந்த மூன்று யோசனைக்கும் முன்னால் பார்க்க வேண்டியது மாதத் தவணையை. 9% வட்டி, 20 வருஷம் என்றால் 9,000 கடனுக்கு மாதம் 81 கட்ட வேண்டும். 8,000க்கு 72. வருஷம் 300 என்றால் இப்போது மாதம் 25 ஒதுக்குகிறீர்கள். அதோடு உங்கள் வாடகையைக் கூட்டிப் பாருங்கள், எவ்வளவு வருகிறது? அந்தத் தொகை தவணையைத் தொடாவிட்டால், முன்பணம் பத்தா இருபதா என்ற பேச்சே அப்புறம்தான். பதில் எழுதுங்கள், காத்திருக்கிறேன்.

மொட்டைமாடி:

நாங்கள் பத்து சதவீதம் கட்டித்தான் வாங்கினோம். அதில் எனக்கு இன்றுவரை வருத்தம் கிடையாது. வீட்டுக்காரர் எப்போது காலி பண்ணச் சொல்வாரோ என்ற பயம் போனதே பெரிய விஷயம். குழந்தையின் பள்ளிக்கூடத்தை மாற்ற வேண்டியதில்லை.

ஒன்று மட்டும் அழுத்திச் சொல்கிறேன். வாங்கின பிறகும் ஆறு மாதத் தவணை கையில் நிற்கும்படி பார்த்துக்கொண்டோம். அந்தப் பணத்தையும் சேர்த்துக் கட்டினால் வட்டி குறையுமே என்று ஆசை வந்தது. கட்டவில்லை. குடி போன கொஞ்ச நாளில் என் கணவருக்கு வேலை போனது. வேறு வேலை கிடைக்கிறவரை ஒரு தவணை தவறாமல் கட்ட முடிந்தது அந்தப் பணத்தால்தான். நீங்களும் அதைத் தொடாதீர்கள் சகோதரி.

கணக்குப்பிள்ளை:

தம்பியின் யோசனையைப் பற்றி மட்டும் சொல்கிறேன். நாலு வருஷத்தில் பணம் இரட்டிப்பாக வேண்டும் என்றால் வருஷா வருஷம் 19% வளர வேண்டும். அதை உறுதியாகத் தருகிற இடம் எதுவும் கிடையாது. தருகிறேன் என்று யாராவது வந்தால் கதவைச் சாத்திக்கொள்ளுங்கள்.

ஷேர் மார்க்கெட் கெட்டது என்று நான் சொல்ல வரவில்லை. ஓய்வுக் காலத்துக்கான என் சேமிப்பே அதில்தான் இருக்கிறது. ஆனால் அது காலம் கேட்கும். அமெரிக்காவின் பெரிய கம்பெனிகளின் ஷேர் விலைப் போக்கைக் காட்டும் எஸ் அண்ட் பி 500 குறியீடு 2007 அக்டோபரில் உச்சத்தில் இருந்தது. 2009 மார்ச்சுக்குள் 57% விழுந்தது. பழைய உயரத்தைத் தொட 2013 ஆனது. 2020இல் ஐந்தே வாரத்தில் 34% சரிந்தது, அந்த முறை சில மாதங்களில் மீண்டுவிட்டது. எப்போது விழும், எத்தனை நாளில் எழும் என்பது முன்கூட்டித் தெரியாது. வீடு வாங்கத் தேதி குறித்திருக்கிற பணத்தை அதில் விடக் கூடாது. ஃபிக்ஸட் டெபாசிட் மாதிரி அசல் குறையாத இடத்தில் போடுங்கள். மொத்தமாக ஒரே டெபாசிட்டாகப் போடாமல் முதிர்வுத் தேதி தள்ளித் தள்ளி வருகிற மாதிரி பிரித்துப் போட்டால், நல்ல வீடு திடீரென அமையும்போது எல்லாவற்றையும் உடைக்க வேண்டி வராது.

அத்தையிடமும் ஒன்று சொல்லுங்கள். வீட்டு விலையும் இறங்கும். அயர்லாந்தில் 2007 உச்சத்திலிருந்து 2013க்குள் விலை ஏறத்தாழப் பாதியானது. வேலைகள் போனதும் அதே வருஷங்களில்தான். பத்து சதவீதம் கட்டியவருக்கு, விலை பதினைந்து இறங்கினால் வீட்டை விற்றாலும் கடன் அடையாது. மாதத் தவணையைக் கட்ட முடிகிறவரை அது பாதிக்காது, அங்கேயே குடியிருந்து காலத்தைக் கடத்தலாம். அவசரமாக விற்க வேண்டி வந்தவர்கள்தான் நொறுங்கிப் போனார்கள். அதனால்தான் கடன்பிரிவு ஐயா தவணையை முதலில் பார்க்கச் சொல்கிறார்.

வாடகைவீட்டுக்காரி:

எல்லோருக்கும் நன்றி. நேற்று ராத்திரி கணவரும் நானும் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். ஐயா சொன்ன அதே அளவில் வைத்தால் எங்கள் வாடகை 35. மாதம் ஒதுக்குகிற 25ஐக் கூட்டினால் 60தான் வருகிறது. 81 என்ன, 72கூட எட்டவில்லை. பத்திரச் செலவைக் கழித்தால் கையில் நிற்பது 1,000 இல்லை, 800. மனசு ஒரு மாதிரி ஆகிவிட்டது. அப்படியென்றால் எங்களுக்கு வீடே கிடையாதா?

இன்னொன்றும் கேட்க வேண்டும். எங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்த அத்தை, தன் சேமிப்பிலிருந்து 400 தருகிறேன் என்கிறார். வாங்கலாமா?

கடன்பிரிவு:

ஏன் கிடையாது? மாதம் 60 கட்ட முடியும் என்றால், அதே வட்டிக்கும் காலத்துக்கும் 6,600 வரை கடன் தாங்கும். கையிலிருக்கும் 800ஐக் கூட்டினால் 7,400 விலையுள்ள வீட்டை இப்போதே பார்க்கலாம். உங்கள் முன்பணம் பத்துக்குக் கொஞ்சம் மேலேயே வரும். ஒரு அறை குறையலாம், இன்னும் கொஞ்சம் தள்ளிப் போக வேண்டியிருக்கலாம். நீங்கள் பார்த்து வைத்திருக்கிற வீடு உங்கள் இன்றைய சம்பளத்துக்குப் பெரியது தங்கச்சி. அதற்காகக் காத்திருந்தால் முன்பணம் சேர்ந்த பிறகும் தவணை இடிக்கும். சம்பளம் நன்றாக உயரும் என்று இருவருக்கும் உறுதியாகத் தெரிந்தால் ஒழிய நான் சின்ன வீட்டைத்தான் சொல்வேன். ஆனால் உடனே ஓடாதீர்கள். மொட்டைமாடி அம்மா சொன்ன ஆறு மாதத் தவணை என்பது 360. அது உங்களிடம் தனியாக இல்லை.

அத்தையின் 400 அங்கேதான் கைகொடுக்கும். விலையில் சேர்க்காமல் அதை அப்படியே அந்த இருப்பாக வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் முதலில் அவரிடம் கூச்சப்படாமல் கேட்டுவிடுங்கள்: திரும்ப எதிர்பார்க்கிறாரா, இல்லையா? அவருடைய வைத்தியச் செலவுக்கு என்று தனியாக மிச்சம் இருக்கிறதா? திரும்பத் தர வேண்டிய பணம் என்றால் அதுவும் கடன், வங்கியிடம் அப்படித்தான் சொல்ல வேண்டும். அன்பளிப்பு என்றால், திருப்பித் தர வேண்டாம் என்று அவர் கையெழுத்திட்ட கடிதத்தை வங்கி கேட்கலாம். மனுப் போடுகிற வாரத்தில் கணக்கில் திடீரென்று பெரிய தொகை வந்தால் எங்கிருந்து வந்தது என்று நாங்கள் கேட்போம். அதனால் பணம் இப்போதே, அவர் கணக்கிலிருந்து நேராக உங்கள் கணக்குக்கு வரட்டும். ரொக்கமாக வாங்காதீர்கள்.