ஈமெயிலைக் கள்ளனிடம் பறிகொடுத்தவர்கள்: வன்னியிலிருந்து சில அனுபவங்கள்

கிளிநொச்சியிலிருந்து:

தங்கச்சியின் ஜிமெயிலுக்கு ஒரு மெயில் வந்தது. சேமிப்பிடம் நிரம்பிவிட்டதாம், இன்றைக்குள் உறுதிப்படுத்தாவிட்டால் கணக்கை மூடிவிடுவார்களாம். கம்பஸ் பதிவு நடந்துகொண்டிருந்த நேரம். பதறிப்போய் இணைப்பைத் தொட்டு பாஸ்வேர்டை அடித்துவிட்டாள். பக்கம் அச்சொட்டாகக் கூகுள் மாதிரியே இருந்தது. பிறகு அனுப்பியவரின் முகவரியை எழுத்தெழுத்தாகப் பார்த்தோம். ஆங்கில 'எம்' இருக்க வேண்டிய இடத்தில் 'ஆர்', 'என்' இரண்டும் ஒட்டிக்கொண்டு நின்றன. போன் திரையில் அதை யார் கண்டுபிடிப்பது?

அன்று பின்னேரமே பாஸ்வேர்டை மாற்றினோம். சரி, விசயம் முடிந்தது என்று இருந்தோம். அந்தக் கிழமைக்குள் கனடாவிலிருந்து மாமா அம்மாவுக்கு எடுத்தார். "பிள்ளை கம்பஸுக்குக் காசு கேட்டு எழுதியிருக்கிறாள், நானும் பதில் போட்டுக்கொண்டிருக்கிறேன். ஆனால் தந்த வங்கிக் கணக்கு ஆரோ ஒருத்தரின் பெயரில் கிடக்குது, என்ன கதை?" என்றார். தங்கச்சியின் இன்பொக்சில் மாமாவின் பதில் ஒன்றுகூட இல்லை.

மடிக்கணினியில் ஜிமெயிலைத் திறந்து அமைப்புகளுக்குள் போனபோதுதான் பிடிபட்டது. கள்ளன் உள்ளே நின்ற கொஞ்ச நேரத்தில் ஒரு வடிகட்டி போட்டிருக்கிறான்: மாமாவின் முகவரியிலிருந்து வருவதையெல்லாம் தன் முகவரிக்கு அனுப்பு, இங்கே அழித்துவிடு. பூட்டை மாற்றிய பிறகும் வேலிப் பொட்டு அப்படியே இருந்திருக்கிறது. மாமா எழுதியதெல்லாம் கள்ளனுக்குப் போக, அவன் தங்கச்சியின் பெயரில் வேறொரு முகவரி திறந்து பதில் போட்டிருக்கிறான். போனில் உள்ள ஜிமெயில் செயலியில் இந்த வடிகட்டிகள் கண்ணில் படாது. உலாவியில், கணினிக்கான பக்கத்தைத் திறந்து 'வடிகட்டிகள்', 'முன்னனுப்புதல்' என்ற இரண்டு இடங்களையும் பார்க்க வேண்டும். மாமா காசு அனுப்பவில்லை. அவர் எதற்கும் அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்கிற ஆள், அது எங்கள் நல்ல காலம்.

புதுக்குடியிருப்பிலிருந்து:

நான் இங்கே கொமினிகேசன் கடை வைத்திருக்கிறேன். கணக்குப் போய்விட்டது என்று வருபவர்களிடம் முதலில் நான் கேட்பது, "மீட்பு எண்ணாக ஆருடைய நம்பர் கொடுத்திருக்கிறீர்கள்?" என்பதுதான். கணக்கைத் திரும்ப எடுக்கும்போது கூகுள் குறியீடு அனுப்புகிற போன் நம்பர்தான் அது. பாதிப்பேருக்குத் தெரியாது. வெளிநாட்டு வேலை விண்ணப்பத்துக்கோ பேஸ்புக்குக்கோ எப்போதோ ஒரு கடையில் போய் மெயில் திறந்திருப்பார்கள். கடைப் பொடியன் அவசரத்துக்குத் தன் நம்பரை அடித்து, பாஸ்வேர்டையும் தானே வைத்து, துண்டில் எழுதிக் கொடுத்திருப்பான். கடையும் இப்போது இல்லை, பொடியனும் இல்லை. கூகுள் குறியீட்டை அனுப்புகிறது, எங்கேயோ ஒரு போனுக்கு. அந்தத் துண்டுக் கலாசாரத்தில் என் தொழில்காரருக்கும் பங்கு இருக்கிறது என்பதால் சொல்கிறேன்: உங்கள் நம்பரைப் போடச் சொல்லி அடம்பிடியுங்கள்.

சிம் பிரச்சினை இன்னொரு பக்கம். ஒரு அம்மாவின் சிம் மூத்த மகனின் பெயரில் பதிந்தது, மகன் கட்டாரில். சிம் தொலைந்ததும் மாற்று சிம் எடுக்கப் போனவரை, பதிந்தவர் அடையாள அட்டையோடு வர வேண்டும் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். இப்படியானவர்கள் கணக்கு நல்லபடி இருக்கும்போதே தங்கள் பெயரில் சிம் எடுத்து எண்ணை மாற்றிவிடுவது நல்லது.

இனி என் வியாபாரத்துக்கு விரோதமான ஒன்று. கணக்குப் போனதும் என் கடைக்கு ஓடி வராதீர்கள். லண்டனில் இருக்கும் தம்பியிடமும் "நீ எடுத்துத் தா" என்று கேட்காதீர்கள். வழக்கமாக அந்தக் கணக்கைப் பாவித்த போன், வழக்கமாக இருக்கிற இடம், இவற்றிலிருந்து முயன்றால்தான் கூகுள் உங்களை உங்களென்று நம்பும். கடைக் கணினியிலிருந்தோ லண்டனிலிருந்தோ முயன்றால் நீங்களும் அதன் கண்ணுக்குக் கள்ளன்தான். வீட்டிலேயே இருந்து, அதே போனில், கூகுளின் கணக்கு மீட்புப் பக்கத்துக்குப் போங்கள். கள்ளன் மீட்பு எண்ணை மாற்றியிருந்தாலும் 7 நாள் வரை பழைய எண்ணுக்குக் குறியீடு பெற வாய்ப்பிருக்கிறது, ஆகவே நாளைக்குப் பார்ப்போம் என்று தள்ளிப்போடக் கூடாது. உள்ளே போனதும் 'உங்கள் சாதனங்கள்' பட்டியலைத் திறந்து, தெரியாத போன், கணினி எல்லாவற்றையும் வெளியேற்றிவிட்டு, இரண்டு படிச் சரிபார்ப்பை, அதாவது பாஸ்வேர்டோடு போனுக்கு வரும் குறியீட்டையும் கேட்கிற பூட்டை, போடுங்கள்.

மாங்குளத்திலிருந்து:

அண்ணைக்கு வட்ஸ்அப்பில் நடந்தது. தெரிந்தவரின் எண்ணிலிருந்தே "தவறுதலாக உங்களுக்கு 6 இலக்கக் குறியீடு வந்திருக்கும், அனுப்புங்கோ" என்று வந்தது, அனுப்பிவிட்டார். அதோடு அவருடைய வட்ஸ்அப் கள்ளன் கைக்குப் போய்விட்டது. அதே எண்ணை அவர் போனில் திரும்பப் பதிந்ததும் கள்ளன் தானாக வெளியே போனான். அவன் இடையில் இரகசியப் 'பின்' (PIN) நம்பர் போட்டிருந்தால் 7 நாள் காத்திருக்க வேண்டி வந்திருக்கும்.

ஒட்டுசுட்டானிலிருந்து:

எங்கள் மகளிர் சங்கம் பனையோலைப் பொருட்களைப் பேஸ்புக் பக்கம் வழியாகத்தான் விற்கிறது. "உங்கள் பக்கம் பதிப்புரிமையை மீறியுள்ளது, 24 மணி நேரத்தில் நீக்கப்படும், ஆட்சேபனை இருந்தால் இங்கே அழுத்தவும்" என்று சங்கச் செயலாளருக்கு மெயில் வந்தது. பெட்டி, கடகம் பின்னி விற்பவர்களுக்கு என்ன பதிப்புரிமை என்று இப்போது சிரிக்கிறோம். அன்றைக்கு ஒருவரும் சிரிக்கவில்லை. அழுத்திய அன்றே செயலாளரின் கணக்கும் போனது, பக்கத்தில் வெளிநாட்டு விளம்பரங்கள் ஓடத் தொடங்கின.

எங்களைக் காப்பாற்றியது ஒரு மறதி. பக்கத்தைத் தொடங்கித் தந்த திட்ட உத்தியோகத்தர் மாற்றலாகிப் போன பிறகும் அவருக்குக் கொடுத்த முழு அனுமதியை நாங்கள் எடுக்கவில்லை, கள்ளனும் கவனிக்கவில்லை. அவருக்கு எடுத்துச் சொன்னதும் செயலாளரின் கணக்கைப் பக்கத்திலிருந்து நீக்கினார். பேஸ்புக்கின் கணக்கு மீட்புப் பக்கத்தில் போராடி, அடையாள அட்டைப் படம் அனுப்பி, செயலாளரின் சொந்தக் கணக்கு பிறகுதான் கிடைத்தது. இப்போது பக்கத்துக்கு இரண்டு பேருக்கு முழு அனுமதி. இரண்டு பேரும் வேறு வேறு வீடு, வேறு வேறு போன்.

இணையக் குற்றங்களைக் கவனிக்கிற அரச நிறுவனமான இலங்கை சேர்ட்டின் (CERT) 101 எண்ணுக்கும் எடுத்தோம். என்னென்ன படத்தை எடுத்து வைக்க வேண்டும் என்று பொறுமையாகச் சொன்னார்கள். காசு போனவர்கள் முதலில் வங்கிக்கு எடுக்க வேண்டும், பிறகு பொலிஸ். 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டத்தில் இப்படிக் கணக்குக்குள் புகுவது குற்றம். ஆகவே "மெயிலுக்கெல்லாம் முறைப்பாடா?" என்று யாராவது கேட்டால் இதைச் சொல்லுங்கள்.

வவுனியாவிலிருந்து:

கொமினிகேசன் அண்ணையிடம் ஒரு கேள்வி. அம்மாவிடம் பட்டன் போன்தான். இரண்டு படிச் சரிபார்ப்பு அவவுக்குச் சரிவருமா?

புதுக்குடியிருப்பிலிருந்து:

வரும் தங்கச்சி. குறியீடு சாதாரண எஸ்எம்எஸ்ஸாகவே வரும். சிக்னல் இல்லாத இடமென்றால் கூகுளில் மாற்றுக் குறியீடுகள் என்று 10 எண்கள் தருவார்கள், ஒவ்வொன்றிலும் 8 இலக்கம். தாளில் எழுதி, இடம்பெயரும்போதெல்லாம் காணி பெர்மிட்டும் பிறப்புச் சான்றிதழும் வைத்துத் தூக்கிக்கொண்டு ஓடிய பை அம்மாவிடம் இருக்குமே, அதற்குள் வைக்கச் சொல்லுங்கோ. போனில் படமெடுத்து வைக்காதீர்கள். ஒரு எண் ஒருதரம்தான் வேலை செய்யும், பாவித்ததை வெட்டிவிடுங்கள்.