கொறங்காட்டில் கண்ட எறும்பும் சாணி வண்டும்

காங்கேயத்துக்குப் பக்கத்தில் எங்கள் சித்தப்பாவுக்குக் கொறங்காடு, அதாவது மாடு மேய்க்கும் நிலம், இருக்கிறது. சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், நடுநடுவே வெள்வேல மரங்கள். ஐப்பசி மழை விட்ட ஒரு காலையில் மாடுகளை உள்ளே விட்டுவிட்டு மரநிழலில் உட்கார்ந்தேன். அன்றுதான் இரண்டையும் ஒரே இடத்தில் பார்த்தேன்.

முதலில் புல்விதை சேர்க்கும் எறும்பு. வளை வாயைச் சுற்றி உமி குவிந்து கிடந்தது. அங்கிருந்து விரலகலத்தில் ஒரு தடம், புல்லுக்கு வகிடு எடுத்தது போல. குறுக்கே விரலால் அழுத்தி ஒரு கோடு இழுத்தேன். விதை சுமந்து வந்தவை கோட்டின் ஓரத்தில் தடுமாறின. உணர்கொம்பை ஆட்டிவிட்டுத் திரும்பின. முன்னே போனவை தடத்தில் விட்டுப்போன மணம் அறுந்துவிட்டது. சிறிது நேரம் கழித்து ஒன்றிரண்டு கடந்தன, பிறகு எல்லாம் தொடர்ந்தன.

நாலடி தள்ளி வண்டு. ஈரச் சாணியில் கோலிக்குண்டு அளவு உருண்டை பிடித்து, தலைகீழாக நின்று, பின்னங்கால்களால் தள்ளிக்கொண்டு பின்னோக்கியே போனது. குளம்புத் தடத்தில் உருண்டை விழுந்ததும் அதன்மேல் ஏறி ஒரு சுற்றுச் சுற்றியது; இறங்கி, விட்ட திசையிலேயே தள்ளியது. மூன்று முறை விழுந்தது, மூன்று முறையும் அப்படியே. அந்தச் சுற்றில் அது வானத்தைப் பார்த்துக்கொள்கிறது. பகலில் சூரியன் துணை. இரவில் உருட்டும் ஆப்பிரிக்க வண்டு ஒன்று பால்வீதியைக் கொண்டே நேராகப் போகிறது என்று 2013இல் ஆய்வாளர்கள் காட்டினார்கள். எறும்புத் தடத்தின் குறுக்கே உருண்டை போனபோது நான்கைந்து எறும்புகள் அதில் ஏறின. வண்டு நிற்கவேயில்லை.

எறும்பின் உழைப்பை ஊரே சொல்லும். எனக்கு வண்டின் மேல்தான் மதிப்புக் கூடியது. எறும்புக்கு முன்னே போனவை வழி வைத்துவிட்டுப் போகின்றன. வண்டுக்கு அப்படி யாருமில்லை. அது புதைக்கும் சாணம் புல்லுக்கு உரமுமாகிறது.

உண்ணிக்குப் போடும் ஐவர்மெக்டின் ஊசிமருந்து சாணத்தோடு வெளியேறி வண்டின் புழுக்களைக் கொல்லும் என்று சித்தப்பாவிடம் சொன்னேன். "அதனால்தானா கண்ணு, போன வருடம் சாணி மண்ணில் இறங்காமல் வரட்டியாகவே கிடந்தது?" என்று கேட்டார். இப்போது ஊசி போட்ட மாடுகளை இரண்டு மூன்று வாரம் பட்டியிலேயே கட்டித் தீனி போடுகிறார்.