வயிற்றுவலி என்று நினைத்தோம், கட்டுவிரியன் கடித்திருக்கிறது. உங்களுக்கும் இப்படி நடந்ததுண்டா?

மன்னார்குடிக்காரன்:
போன ஐப்பசி. அடைமழை, கரண்ட் இல்லை, கூடத்தில் எல்லோரும் வரிசையாகப் பாய் போட்டுப் படுத்திருந்தோம். விடிகாலை நாலு மணிக்குச் சித்தப்பா எழுந்து வயிறு வலிக்கிறது என்றார். ராத்திரி பரோட்டா சாப்பிட்டிருந்தார். சரி, வாயுதான் என்று சித்தி ஓமத்தண்ணி வைத்துக் கொடுத்தார். ஒரு வாய் வாங்கினார், அது உள்ளே இறங்காமல் கடைவாயில் ஒழுகியது. அப்புறம் ஆள்காட்டி விரலால் ஒரு கண்ணின் இமையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "தம்பி, கண்ணு தொறக்க மாட்டேங்குதுடா" என்றார், நாக்கு குழற. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இந்த மழையில எந்தக் கடை சித்தப்பா தொறந்திருந்துச்சு?" என்று கேலி வேறு செய்தேன்.

ஆறு மணிக்குத்தான் கிளம்பினோம். ஆஸ்பத்திரியில் டாக்டர் வயிற்றைத் தொடவே இல்லை. கூரையைப் பார்க்கச் சொன்னார். தலை அண்ணாந்ததே தவிர இமை ஏறவில்லை. "ராத்திரி தரையிலயா படுத்தீங்க?" இவ்வளவுதான் கேட்டார். உடம்பு முழுக்கத் தேடியும் கடிவாய் இல்லை. மருந்து ஏற்றியும் மூச்சு தளர்ந்துவிட்டது, ஐந்து நாள் வென்டிலேட்டர். பிழைத்துவிட்டார். நான் சிரித்ததுதான் இன்னும் போகமாட்டேன் என்கிறது.

கரும்புக்காடு:
எங்கள் அப்பாவுக்குக் கண்ணாடி விரியன். அறுத்துப் போட்ட நெல்லை அள்ளும்போது கையில் போட்டது. உங்களுக்காவது வலி தெரியவில்லை, இது அலற வைத்துவிடும். மாட்டின் தாம்புக்கயிற்றை எடுத்து முழங்கைக்கு மேல் இறுக்கியவன் நான்தான். ஆஸ்பத்திரியில் நர்ஸ் கொஞ்சம் ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து மேசைமேல் வைத்தார். 20 நிமிடம் யாரும் அதைத் தொடக்கூடாது. நான் சுவர்க் கடிகாரத்தையும் குழாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றேன். நேரமானதும் சாய்த்தார். உறைந்திருக்க வேண்டிய ரத்தம் தண்ணி மாதிரி ஓடியது. விஷமுறிவு மருந்து முதலில் பத்து குப்பி, அப்புறமும் போட்டார்கள். சிறுநீர் நின்று மூன்று வாரம் டயாலிசிஸ். கயிறு இருந்த இடத்துக்குக் கீழே கை கறுத்துப்போய் இரண்டு விரலை எடுத்துவிட்டார்கள். விஷமா கயிறா என்று டாக்டரிடம் கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை.

பழைய ஆள்:
கரும்புக்காடு தம்பி, கயிறு கட்டியதால்தான் உங்கள் அப்பா உயிரோடு ஆஸ்பத்திரி வந்து சேர்ந்தார். இதற்குப் போய் வருத்தப்படுவதா? 1987இல் எங்கள் தாத்தாவை நல்ல பாம்பே போட்டது. கட்டுப் போட்டோம், மிளகாயைக் கடிக்கச் சொன்னோம், காரம் தெரியவில்லை என்றார். சிறியாநங்கையை அரைத்துக் கொடுத்தோம். மறுநாள் மிளகாய் காரமாக இருக்கிறது என்று துப்பினார். 91 வயது வரை இருந்தார். இங்கிலீஷ் மருந்து வருவதற்கு முன்னால் நம் ஊரில் மனுஷனே இல்லையா?

ரிட்டயர்டு நர்ஸ்:
எனக்குப் பாம்பு அனுபவம் இல்லை. செந்தேள் கொட்டியிருக்கிறது, விறகு எடுக்கும்போது. கட்டைவிரல், நெருப்பு வைத்த மாதிரி. அவ்வளவுதான் என் கதை.

ஆனால் பழைய ஆள் ஐயா சொன்னதை அப்படியே விட மனசில்லை. பாம்பு கடித்தாலும் சில நேரம் விஷம் இறக்காது. அந்த மாதிரிக் கடிக்கு மிளகாய் கொடுத்தாலும் பிழைப்பார், மைசூர்பாக் கொடுத்தாலும் பிழைப்பார். பேர் மட்டும் சிறியாநங்கைக்குப் போய்விடும். கயிறு கட்டாதீர்கள். விரியன் விஷம் சதையை அழுகவைக்கும். அதை ஒரே இடத்தில் தேக்கி, ரத்த ஓட்டத்தையும் நிறுத்தினால் என்ன ஆகும்? இறுக்கிக் கட்டியதைத் திடீரென்று அவிழ்த்தாலும் ஆபத்து, டாக்டர் பக்கத்தில் இருக்கும்போதுதான் அவிழ்க்க வேண்டும். கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள். மோதிரம், வளையல், மெட்டியை உடனே கழற்றுங்கள், வீங்கிவிட்டால் வெட்டித்தான் எடுக்க வேண்டும். கடிபட்டவரை நடக்க விடாதீர்கள், கை காலைக் குச்சி வைத்து அசையாமல் வைத்து 108ஐக் கூப்பிடுங்கள். பாம்பை அடித்துப் பையில் போட்டுக் கொண்டுவர வேண்டாம், ஒருவர் அப்படிக் கொண்டுவந்து வார்டில் அது அசைந்து, நாங்கள் எல்லோரும் மேசைமேல் ஏறினோம். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நாலுக்கும் மருந்து ஒன்றுதான். அதற்கான விஷத்தை மாமல்லபுரம் பக்கம் வடநெம்மேலியில் இருளர் கூட்டுறவுச் சங்கத்தில் எடுக்கிறார்கள், 1978இல் தொடங்கியது. அந்த விஷத்தைக் குதிரைக்குக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி அதன் ரத்தத்திலிருந்து மருந்து தயாராகிறது. தமிழ்நாட்டில் 2024 நவம்பரிலிருந்து பாம்புக்கடியை அரசுக்கு அறிவித்தாக வேண்டும், தனியார் ஆஸ்பத்திரியும்தான்.

தேளுக்கும் சொல்லிவிடுகிறேன். வேர்த்துக் கொட்டி, கை கால் சில்லிட்டு, இருமல் வந்தால் வீட்டில் உட்காராதீர்கள். பிரசோசின் மாத்திரை இருக்கிறது, மகாராஷ்டிரத்தில் டாக்டர் பாவஸ்கர் நிரூபித்துக் காட்டிய வைத்தியம்.

பச்சைக் கொழுந்து:
நர்ஸம்மா, நாலுக்கும் மருந்து ஒன்று, சரி. ஐந்தாவதுக்கு? நாங்கள் வால்பாறை. தேயிலைச் செடிக்கு அடியில் காய்ந்த இலை நிறத்தில், மூக்கு நுனி மேலே தூக்கின குட்டி விரியன் ஒன்று இருக்கும். கொழுந்து பறிக்கும்போது என் அக்காவைக் கணுக்காலில் கடித்தது. என்ன பாம்பு என்று தெரியாமல் மருந்து ஏற்றினார்கள். மருந்து ஒத்துக்கொள்ளாமல் உடம்பெல்லாம் தடித்து, பல் கிட்டி நடுங்கினாள். ரத்தம் மட்டும் உறையவே இல்லை. நான் போனில் எடுத்திருந்த படத்தைப் பார்த்துவிட்டு டாக்டர் ஊசியை நிறுத்தினார். "இதுக்கு நம்மகிட்ட மருந்தே இல்லம்மா. இந்த மருந்து அந்த விஷத்தை முறிக்காது" என்றார். சிறுநீரகத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருந்ததுதான் வைத்தியம். அக்கா தேறிவிட்டாள். அடிக்க வேண்டாம், கொண்டுவர வேண்டாம், ஒத்துக்கொள்கிறேன். தள்ளி நின்று ஒரு படமாவது எடுங்கள்.

கரைவலை:
நம்ம பக்கம் கடல். ராமேஸ்வரத்தில் வலை இழுக்கும்போது முழங்கால் தண்ணியில் திருக்கையை மிதித்துவிட்டேன். வால் முள் பாதத்தில் ஏறியது. கரையில் உட்கார்ந்து சின்னப் பிள்ளை மாதிரி அழுதேன், 38 வயசில். டீக்கடைப் பாட்டி வெந்நீரைக் கை பொறுக்கிற சூட்டுக்கு விளாவி, வாளியில் காலை வைக்கச் சொன்னார். வலி அப்படியே கீழிறங்கியது. காலை வெளியே எடுத்தால் திரும்ப வரும், உள்ளே வைத்தால் போகும். அப்புறம் ஆஸ்பத்திரிக்குப் போனதும் டாக்டர் செய்ததும் வெந்நீர்தான், கூடவே உள்ளே ஒடிந்திருந்த முள்ளை எடுத்து டி.டி. ஊசி போட்டார். டீக்கு மட்டும் பாட்டி காசு வாங்கிக்கொண்டார்.

பழைய ஆள்:
மைசூர்பாக் என்று என்னைக் கிண்டல் செய்ய வேண்டாம் அம்மா. தாத்தா காலில் இரண்டு பல் பதிந்ததை என் கண்ணால் பார்த்தவன்.

மன்னார்குடிக்காரன்:
இரண்டு பேரும் சண்டை போடாதீர்கள். பாம்பைப் பார்த்தீர்களா என்று தனியாகச் சிலர் கேட்டிருந்தார்கள். இல்லை. சித்தப்பாவின் பாயைச் சித்தி அன்றைக்கே கொல்லையில் போட்டுக் கொளுத்திவிட்டார். அவர் இப்போது கட்டிலில், கொசுவலையை மெத்தைக்கு அடியில் நாலு பக்கமும் செருகித்தான் படுக்கிறார். போன வாரம் விடிகாலையில் என் மகள் வயிறு வலிக்கிறது என்று எழுந்தாள். லைட்டைப் போட்டு, "கூரையைப் பாரு, கூரையைப் பாரு" என்று கத்தியிருக்கிறேன். அவளுக்குப் பள்ளிக்கூடத்தில் கணக்குப் பரீட்சை.