பல் நல்லா இருக்கு, வலி மட்டும் போகல: அக்கியா இருக்குமா?

கேள்வி (தோட்ட மருந்தகம், டிக்கோயா):
கொழுந்தெடுக்கிற அம்மா, வயது 62. மூணு நாளா வலது மேல் கடைவாய்ப் பல்லில் எரிச்சலோட வலி. சொத்தை இல்லை, தட்டினாலும் நோகல. பல்லைப் பிடுங்கணும்னு நிற்கிறார். அனுப்பவா?

பதில் (பல் வைத்தியர்):
பிடுங்க விடாதீங்க அண்ணே! ஐஸ் வைத்துப் பாருங்க. பல்நரம்பு வீங்கியிருந்தா, ஐஸை எடுத்த பிறகும் கூச்சம் நீடிக்கும். அதுவும் எக்ஸ்ரேயும் சரியா இருந்தா, பஞ்சால் கன்னத்தை இலேசாத் தடவுங்க. ஒரு பக்கம் மட்டும் எரிஞ்சா அக்கியை (பழைய சின்னம்மைக் கிருமி நரம்பில் மறுபடி கிளம்புற நோய்) நினைங்க. கொப்புளத்துக்குச் சில நாள் முன்னாடியே நரம்பு வலிக்கத் தொடங்கும். தினமும் டோர்ச் அடிச்சு அண்ணத்தைப் பாருங்க. பொடிக் கொப்புளங்கள் நடுக்கோடு வரை வந்து அப்படியே நின்னுடும். அதுதான் பெரிய அடையாளம்.

பதில் (வெளிநோயாளர் பிரிவு டாக்டர்):
கொப்புளம் தெரிஞ்ச 72 மணித்தியாலத்துக்குள் அசைக்ளோவிர் (வைரஸ் கிருமிக்கான மாத்திரை) 800 மி.கி., நாளுக்கு 5 தடவை, 7 நாள். சிறுநீரகம் பழுதுன்னா அளவைக் குறைக்கணும். மூக்கு நுனியில் கொப்புளமோ கண் சிவப்போ இருந்தா அன்றைக்கே கண் வைத்தியர். அக்கி எழுதிட்டு லயத்திலேயே (தோட்ட வீட்டிலேயே) இருந்தா இந்த நேரம் கைவிட்டுப் போயிடும். சின்னம்மை வராத கர்ப்பிணிகள் கிட்ட வரக்கூடாது.